குடை ஆன்ட்டி காட்டிய மலை

மாமல்லபுரத்து மலையில் நான் எந்த உருவம்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. பள்ளிக்குப் போகும் குழந்தையை வைத்துக்கொண்டு, குக்கர் சத்தத்துக்கு நடுவில் நின்று யோசிக்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். என் கணவரும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அநேகமாக எல்லோருக்கும் அந்த மலையில் ஓர் உருவம் உண்டு. என் பெரியப்பா யானை. என் அம்மா குரங்கு. என் மாமியார் பூனை. என் கணவர் மான். இதையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்தவர் எங்கள் எதிர் வீட்டில் இருந்த ஓர் ஆன்ட்டி. எனக்கு மட்டும் அவர் எதையும் கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு எங்கிருந்தோ வேலைக்காக வந்தவர்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மாடி வீட்டுக்காரர்கள் தஞ்சாவூர். பின் வரிசையில் சேலம். முழுப் பரீட்சை லீவு விட்டதும் எல்லா வீடுகளிலும் ஊர்க்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். வந்தவர்களை மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போய் மலையைக் காட்டுவது எங்களுக்கெல்லாம் எழுதாத சட்டம். காட்டாமல் அனுப்பினால் சோறு போடாமல் அனுப்பிய மாதிரி. ஊருக்குப் போய்ச் சொல்லிக் காட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அப்பாவுடையது. அப்பா எதையும் முறையாகச் செய்பவர். பாறைக்கு முன்னால் உறவினர்களை வரிசையாக நிறுத்தி, மகேந்திரவர்மனில் ஆரம்பிப்பார். நரசிம்மவர்மன் வருவதற்குள் யாராவது ஒரு சித்தப்பா, "எண்ணே, இங்க டீ எங்க நல்லாருக்கும்?" என்பார். அப்பா அதற்குப் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவர் சொன்னதெல்லாம் சரியான தகவல்கள். ஆனால் ஊருக்குப் போனவர்கள் அந்த டீயைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எதிர் வீட்டு ஆன்ட்டி அப்பாவிடம் கேட்டார்.

"சார், நாளிக்கு நீங்க மாபலிபுரம் போறீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. நானும் வரட்டா? சர்ச்சு முடிஞ்சி ஒன்பது மணிக்கெல்லாம் வந்துருவேன்."

"வாங்கம்மா. நீங்க பார்த்திருப்பீங்களே?"

"பாக்காம இன்னா சார். எங்க வூட்டுல இருந்து கூப்புடு தூரம். ஆனா அப்பல்லாம் மலைக்கி ஆடு ஓட்டிக்கினு தான் போவேன். வேடிக்கை பாக்க ஆளுங்களோட போனதில்ல."

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர் அவருடையது. அவருடைய அப்பா அம்மா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவருடைய கணவர் எங்கள் அப்பாவைப் போலவே அங்கே அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். ஆன்ட்டி ஒன்பதாவது வரை படித்தவர். சேலைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ போடுவார். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. எவ்வளவு வெயிலிலும் அதை விரித்து நான் பார்த்ததில்லை. அது நிழலுக்கு இல்லை, காட்டுவதற்கு. அதனால்தான் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் குடை ஆன்ட்டி.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல மன்னர்களை வரிசைப்படுத்தி முடித்தார். அர்ச்சுனன் தபசு என்கிற அந்தப் பெரிய பாறையின் முன்னால் எல்லோரும் களைத்து நின்றோம். ஒரு மலையின் விலா முழுக்கத் தேவர்களும் முனிவர்களும் விலங்குகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பஸ் மாதிரி. ஆன்ட்டி மெதுவாக அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். அங்கே தனிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் உண்டு. ஒரு குரங்கு இன்னொன்றுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும்.

குடை நீண்டது.

"அக்கா, நல்லா பாத்துக்கோங்க. ஞாயித்துக்கிழம ஆனா வாசப்படில ரெண்டு பொண்ணுங்களையும் உக்கார வெச்சி நீங்க பேன் பாக்கறீங்களே, எவனோ எட்டிப் பாத்துட்டு வந்து வெட்டி வெச்சிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஒரு வாரம் எதிர் வீட்டுக்குத் தயிர் உறை கேட்டுக்கூடப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் திடீரெனத் தானாகச் சிரிக்க ஆரம்பித்தாள். சீப்பைக் கையில் வைத்தபடியே எதிர் வீட்டைப் பார்த்து, "ஏங்க, இங்க வந்து பாருங்க, உங்க குரங்கு வேலை பார்க்கு" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் அம்மாவே முதலில் அந்தக் கல்லருகே போய் நின்று, "இது நான்" என்று அறிமுகம் செய்துகொள்வாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த கோடையில் தஞ்சாவூர்க்காரர்கள் தங்கள் விருந்தாளிகளை ஆன்ட்டியிடம் ஒப்படைத்தார்கள். அதற்கடுத்துச் சேலத்துக்காரர்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் யார் யார் வீட்டு மாமன் மச்சான்களோ புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு கான்வாஸ் ஷூவைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். அவர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டே வருவார். யார் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுகிறார், யார் மற்றவர் பையை மடியில் வாங்கிக்கொள்கிறார், யார் டிக்கெட்டை நாலு முறை எடுத்துப் பார்க்கிறார், எல்லாவற்றையும். டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்க்கிறவள் நான்தான்.

அவர் வரலாற்றை விட்டுவிடவும் மாட்டார். அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மன்னர்களை ஒரு மூச்சில் சொல்வார். அப்போது குடை தோளில் துப்பாக்கி மாதிரி இருக்கும். "இது வரலாறு. சார் சொன்னது. பரீச்சைக்கி எழுதலாம்" என்று முடிப்பார். பிறகு குடையைக் கீழே இறக்குவார். "இப்ப நம்ம கத. இத எழுதுனா முட்ட தான் போடுவாங்க." அந்த இரண்டையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை.

பக்கத்து மண்டபத்தில் கண்ணன் மலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அங்கே ஆன்ட்டி சொல்வது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "மூஞ்ச பாரு. இம்மாம் பெரிய மலைய தூக்கிக்கினு கீறாரு, கொஞ்சமாச்சும் கஸ்டம் தெரியுதா? கேளம்பாக்கம் பஸ்ல கம்பி புடிச்சிக்கினு போறவன் மாதிரி நிக்கறாரு." கைதட்டாத ஊர்க்காரர் கிடையாது. அதே மண்டபத்தில் தலையில் பானைகளும் கையில் சுருட்டிய பாயுமாக ஒரு பெண் இருப்பாள். அவளைக் காட்டும்போது மட்டும் குடை எழாது. தன் தலையைத் தானே தொட்டுக்கொள்வார். "இது எங்கம்மா. சாமி மலைய தூக்கினா இன்னா, பூமிய தூக்கினா இன்னா, எங்கம்மா வேலைய பாத்துக்கினு கீது." அதைச் சொல்லிவிட்டு வேகமாக அடுத்த இடத்துக்கு நடப்பார். நாங்கள் பின்னால் ஓடுவோம்.

எல்லோரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பேரம் பேசியவர்களும் உண்டு. மதுரையிலிருந்து வந்த என் சித்திக்குப் பால் கறக்கும் இடத்தில் நிற்கும் பசு கிடைத்தது. சித்திக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தா மேல பறந்து போகுதுல்ல, தேவலோகத்துப் பொண்ணு, அது நான்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம் தான். ஆனா பறக்கறவங்களுக்கு முட்டி வலிக்காதே. நீங்க பஸ்ல ஏறும்போதே 'அய்யோ அம்மா'ன்னு தான ஏறுனீங்க."

"அப்ப பசுதானா?"

"பசு சும்மாவா? நாக்க பாருங்க. அவன் பால் கறந்துகினு கீறான், இது கன்னுக்குட்டிய நக்கிக்கினு கீது. பஸ்ல உங்க பையன் தூங்கனப்ப தல சாயாம ஒரு கையால புடிச்சிக்கினே வந்தீங்க இல்ல?"

சித்தி பசுவுக்குப் பக்கத்தில் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கும் கைடு ஒருவர் ஆன்ட்டியைப் பார்த்தாலே சீண்டுவார்.

"இன்னாம்மா, அர்ச்சுனன் அங்க ஒத்த கால்ல நிக்கறாரு, நீ கீழ கல்லுல கீற எலியப் பத்தியே பேசிக்கினு கீற?"

"அர்ச்சுனன நீ பாத்துக்கோ அண்ணாத்த. படிச்சி பாஸ் பண்ணி வந்துகீற. எலிக்கி யாரு கீறா, சொல்லு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போவார். ஆனால் ஒருநாள் வெள்ளைக்காரக் குழு ஒன்றைக் குரங்குக் கல்லருகே நிறுத்தி ஒரு தடித்த மனிதரைக் காட்டி அவர் ஏதோ சொல்வதும், மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரிப்பதும் தெரிந்தது. ஆன்ட்டி குடையால் எங்கள் எல்லோரையும் இடித்து, "பாத்தியா, பாத்தியா" என்றார்.

பெரியப்பா கதைதான் எங்கள் குடும்பத்தில் அடிக்கடி சொல்லப்படுவது. அவர் தாலுகா ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆகி வந்திருந்தார். அதுவரை வீடு அதிரப் பேசியவர், அப்போது பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார். எங்கே உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்தார். எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார். "இனிமே நான் எதுக்கு லேய்" என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். மலைக்கும் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார்.

ஆன்ட்டி அவரைப் பாறையின் பெரிய யானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இது நீங்க தான் சார். கீழ பாருங்க, காலுக்கு நடுவுல எத்தினி குட்டிங்க. ஒண்ணு தூங்குது, ஒண்ணு வெளயாடுது. இந்த யானை ஒரு வேலையும் செய்யல. சும்மா தான் நிக்குது. ஆனா நவுந்துச்சின்னு வெச்சிக்கோங்க, அத்தினி குட்டியும் வெயில்ல."

பெரியப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார். நாங்கள் வெண்ணெய் உருண்டைப் பாறையில் சறுக்கி விளையாடிவிட்டுத் திரும்பியபோதும் நின்றுகொண்டிருந்தார். ஊருக்குப் போய் அடுத்த வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தார். அப்பா எடுத்ததும் பழைய குரலில், "லேய், யானை பேசுதேன்" என்றார். கடைசி வரை அவர் போனில் பேர் சொன்னதில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும். என் தங்கைக்கு முதல் நாளே தாய்க் குரங்கின் மடியில் இருக்கும் குட்டி கிடைத்துவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"ஆன்ட்டி, நான் எது?"

அவர் என்னை ஒரு முறை பார்ப்பார். பாறையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்ப்பார். "உன்ன இன்னும் தேடிக்கினு கீறேன் கண்ணு. வா, அப்பறம் பாக்கலாம்."

அந்த 'அப்பறம்' வரவே இல்லை. அத்தனை உருவங்களில் எனக்கு ஒன்று அகப்படாதா? நான் அவ்வளவு சாதாரணமானவளா, அல்லது எனக்குக் கிடைத்தது சொல்லக்கூடாத ஒன்றா? இதே யோசனையில் நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் எல்லோருக்கும் பின்னால் நடந்திருக்கிறேன். யாராவது செருப்பை மறந்துவிட்டார்களா, தண்ணீர் கேனை விட்டுவிட்டார்களா என்று சரிபார்த்துக்கொண்டே.

பிறகு எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பையன் வீட்டார் ஈரோட்டுப் பக்கம். பையனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய அம்மா பள்ளித் தலைமையாசிரியை. வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் பெண் பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்காது. மகாபலிபுரத்தில் சந்திக்கலாம், மலையையும் பார்த்த மாதிரி ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் அம்மாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் எதிர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"நீங்க கோவிச்சுக்கப்பிடாது. நீங்க இல்லாம நாங்க மலைக்குப் போனதில்ல, கண்டிப்பா வரணும். ஆனா அந்தம்மா ஹெச்செம். ரொம்பக் கண்டிப்பாம். இன்னைக்கு மட்டும் யாரையும் எதுன்னும் சொல்லிராதீங்க."

"அட இன்னாக்கா. வாயே தொறக்க மாட்டேன். குடைய கூட வூட்லயே வெச்சிட்டு வரட்டா?"

"குடை இருக்கட்டும். வெயிலுக்கு ஆச்சு."

அந்தக் குடை வெயிலுக்கு ஆகாது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

அன்று பாறைக்கு முன்னால் அப்பா மகேந்திரவர்மனில் ஆரம்பித்தார். பையன் தலையாட்டிக்கொண்டே மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். அவருடைய அம்மா நிமிர்ந்து நின்றார். கஞ்சி போட்ட காட்டன் சேலை. அதில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. முகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் நந்திவர்மனுக்குள் இந்தச் சம்பந்தம் முறிந்துவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆன்ட்டி எல்லோருக்கும் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

தலைமையாசிரியை பாறையை நெருங்கிப் போனார். யானைத் தந்தங்களுக்குக் கீழே பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பூனை என்ன பண்ணுதுங்க?"

அப்பாவுக்குப் பூனையைப் பற்றித் தகவல் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். தலைமையாசிரியை திரும்பி, வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற மாதிரி ஆன்ட்டியைக் கேட்டார்.

"நீங்க இந்தப் பக்கம்தானுங்களே? உங்களுக்குத் தெரியுமுங்களா?"

ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடித் திறந்தாள். அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, முந்தானை கீழே இறங்கியது.

"தவம் பண்ணுதுக்கா. அர்ச்சுனன் மேல நிக்கறாரு இல்ல, அதே மாதிரி ரெண்டு கையும் தூக்கிக்கினு. சுத்தி எலிங்க கும்புடுது பாருங்க."

"எலி கிட்ட வந்ததும் பிடிச்சுத் தின்னுடுமாக்கும்?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. போலிச் சாமியார்னு." குடை தானாக எழுந்துவிட்டது. "ஆனா நானும் சின்ன புள்ளையில இருந்து பாத்துக்கினு கீறேன். எத்தினி ராசா போயிட்டான். இந்த பூனை இன்னி வரிக்கும் ஒரு எலியக் கூட தொடல. வெறப்பா நிக்கறத பாத்தா தான் பயமா கீது. உள்ள ஒண்ணுமே இல்ல. உங்கள மாதிரியே தான்."

சொல்லி முடித்த பிறகுதான் ஆன்ட்டிக்கே தான் சொன்னது புரிந்தது. குடை சட்டெனக் கீழே விழுந்தது. அம்மா முகம் வெளுத்துவிட்டது. அப்பா கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதலில் சிரித்தவர் பையன். "அம்மா, நீ பிரம்பு வாங்கி வாங்கி அலமாரில அடுக்கறியே, ஒரு நாளாவது யாரையாவது அடிச்சிருக்கியா?"

தலைமையாசிரியை மகனைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். குனிந்து குடையை எடுத்து ஆன்ட்டியிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. கடைசியில் எலிகளுக்கு முன்னால் அந்தக் கஞ்சிச் சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு மறைச்சு வச்சிருந்தேனுங்க. வந்து அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டீங்களே."

அவ்வளவுதான். பையனுக்கு அங்கேயே பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் கிடைத்தது. மண்டபத்தில் பஸ் கம்பி பிடித்த கண்ணனுக்கு ஈரோட்டுக் கைதட்டலும் கிடைத்தது. எல்லாம் முடிந்து திரும்பும்போது தலைமையாசிரியை கேட்டார்.

"சரிங்க, பொண்ணு இதுல எது?"

நான் எத்தனையோ வருடங்களாகக் காத்திருந்த கேள்வியை வேறொருவர் கேட்டுவிட்டார். எல்லோரும் ஆன்ட்டியைப் பார்த்தார்கள். ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பாறையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். குடை பாதி உயர்ந்து, பிறகு இறங்கியது.

"இவள மட்டும் இன்னும் தேடிக்கினு கீறேன்."

அம்மாவுக்குத் திரும்பவும் உயிர் போயிற்று. குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று. தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கென்னங்க, எங்க வீட்டுக்கு வந்து தேடிக்கட்டும்" என்றார்.

ஆன்ட்டியை நான் கடைசியாகப் பார்த்தது என் மகள் பிறந்தபோது. குழந்தையோடு குவார்ட்டர்ஸில் அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தை பால் குடித்தால் ஜீரணமாகுமா என்று பயம். குடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். அவருடைய கணவர் ரிட்டயர் ஆகி, வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு இருக்கப் போகும் வாரம் அது. குடையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் தொட்டில் பக்கம் வந்தார்.

"இவ எது ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"இப்ப தான வந்துகீது. மொதல்ல நம்மள எல்லாம் பாக்கட்டும்."

"நானாவது எதுன்னு சொல்லிட்டுப் போங்க. இனிமே எப்ப பாப்போமோ."

அவர் சிரித்தார். நான் மடித்து மடித்து அடுக்கி வைத்திருந்த குழந்தைத் துணிகளைப் பார்த்தார்.

"மத்தவங்களுக்கு சொன்னா சிரிச்சிட்டு போயிடுவாங்க கண்ணு. நான் சொல்றது வெளயாட்டுன்னு அவங்களுக்கு தெரியும். நீ அப்பிடி இல்ல. உன்ன எலின்னு சொன்னா நீ அன்னிலருந்து எலியாவே நடப்ப. யானைன்னு சொன்னா நவுரவே மாட்ட. அதான் எனக்கு பயம்."

அப்போது எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவர் போன பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அது உண்மைதானா, இல்லை எனக்கென்று ஒன்றும் அகப்படாததை அப்படி நயமாகச் சொன்னாரா? கேட்கலாம் என்றால் அவர் கொடுத்த போன் நம்பரில் இப்போது யாரோ எடுத்து ராங் நம்பர் என்கிறார்கள்.

இப்போது நாங்கள் கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். மகள் முதல் வகுப்பு. இந்த வருடம் அவள் டீச்சர் என்னிடம், "ரொம்ப சைலன்ட்" என்றார். டீச்சர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற இவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு யாராவது வந்து பேர் கேட்டால் பேரைச் சொல்வதில்லை. "நான் சைலன்ட் பொண்ணு" என்கிறாள். வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பவள் ஆள் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுகிறாள். சொன்னால் நம்பிவிடுகிற குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருகிற முழுப் பரீட்சை லீவில் ஈரோட்டிலிருந்து என் மாமியாரும் அவர் பக்கத்து உறவினர்களும் வருகிறார்கள். மலையை நான்தான் காட்ட வேண்டுமாம். மாமியார் போனில் தினமும் ஒத்திகை பார்க்கிறார். "பூனைகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ யானைல ஆரம்பி." மகளுக்கு எல்லாக் கதையும் தெரியும். இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"பாட்டி பூனை, அப்பா மான், பெரிய தாத்தா யானை. நான் எதும்மா?"

போன வாரம் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் பிடித்துப் போய் அந்தப் பாறையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தேன். யானையின் காலுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும் குட்டி என்று சொல்லலாமா? அப்படியானால் எப்போதும் என் காலைக் கட்டிக்கொண்டே இருப்பாளோ. பசு நக்கும் கன்றுக்குட்டி? அதுவும் அப்படித்தான். பறக்கும் தேவலோகப் பெண்? வகுப்பில் மற்ற பிள்ளைகளைவிடத் தான் உயர்த்தி என்று நினைத்துவிட்டால்? குரங்கு என்றால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவளே நம்ப மாட்டாள். வெயில் ஏறுகிறவரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஏதாவது ஒண்ணைச் சொல்லேன். கல்லுதானே" என்கிறார் என் கணவர். பேசும்போதே மூக்கைச் சொறிகிறார். மாமியாரோ, "நான் பூனைன்னு தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு ரிட்டயர் ஆகிற வயசு. இவளுக்கு இப்பதான் முன் பல்லே விழுது. அவசரப்படாதே" என்கிறார். இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. ஆன்ட்டி எனக்குச் சொல்லாமல் விட்டது நல்லதுதான் என்று காலையில் தோன்றுகிறது. எல்லோருக்கும் கிடைத்து எனக்கு மட்டும் கிடைக்காமல், செருப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு பின்னால் நடந்த ஞாயிற்றுக்கிழமைகள் சாயங்காலத்தில் நினைவுக்கு வருகின்றன. அப்படி அவளும் நடக்க வேண்டுமா?

நேற்று கடைவீதியில் ஒரு கறுப்புக் குடை வாங்கி வந்துவிட்டேன். மகள் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறாள். நான் அடுக்களையில் இருக்கிறேன் என்று நினைத்து, அலமாரியையும் ஃபேனையும் நாற்காலியையும் காட்டி, "நல்லா பாத்துக்கோ, இது நீதான்" என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைவிட அதிகம் பிள்ளைகளை வளர்த்துப் பார்த்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். லீவு விடுவதற்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவள் நிமிர்ந்து பார்த்து, "நான் எதும்மா?" என்று கேட்கும்போது நான் குடையை நீட்டவா? இல்லை, ஆன்ட்டி மாதிரி இறக்கிக்கொள்ளவா? அல்லது பேசாமல் குடையை அவள் கையிலேயே கொடுத்துவிடலாமா?